தானம் வந்த மாட்டின் பல்லைப் பார்ப்போம்!

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. தானம் கொடுப்பவன் பக்கத்து வீட்டு விவசாயி என்றால் அது சரிதான். கம்பெனி முதலாளி தானம் கொடுக்க வந்தால், பல்லை மட்டுமல்ல, குளம்பையும் வாலையும் சேர்த்தே பார்த்துவிட வேண்டும்.

மில்லில் ஷிப்டு விடும் நேரம். வாசலுக்கு எதிரே பெரிய குடை ஒன்று விரித்திருக்கிறது. குடைக்குக் கீழே ஒரு மேஜை, இரண்டு இளைஞர்கள். "அண்ணே, சிம் சும்மாதான். மூணு மாசத்துக்குப் பேச்சும் சும்மா, படமும் சும்மா. ஆதார் நம்பரைச் சொல்லிட்டு விரலை இதிலே வையுங்க, போதும்!" பத்து மணி நேரம் நின்று கால் கடுத்த தொழிலாளி, சும்மாதானே என்று விரலை வைக்கிறார். அறுவடை முடிந்து கூலி கிடைக்கும் வாரத்தில் அதே குடை கிராமத்துக்கும் வந்து சேருகிறது. இந்தக் காட்சியைப் பார்க்காத தொழிலாளி நம்மில் யார்?

குடைக்குக் கீழே நிற்கும் அந்த இளைஞர்களைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஒரு சிம்முக்கு இவ்வளவு என்று கமிஷனுக்கு வெயிலில் நிற்கும் அவர்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே. கேள்வி அவர்களிடம் அல்ல. அந்தக் குடையை நட்டவனிடம்தான் கேள்வி: ஐயா, நாளெல்லாம் பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கிற நீங்கள் எங்களுக்கு மட்டும் ஏன் சும்மா கொடுக்கிறீர்கள்?

ஆயுள் முழுவதும்! யாருடைய ஆயுள்?

இந்த வித்தை இன்று நேற்று வந்ததல்ல. 2005ஆம் ஆண்டு முடிவிலும் 2006 தொடக்கத்திலும் செல்போன் கம்பெனிகள் 'ஆயுட்காலத் திட்டம்' என்று தம்பட்டம் அடித்தன. சுமார் ஆயிரம் ரூபாயை ஒரே தடவையில் கட்டிவிட்டால் ஆயுள் முழுவதும் வருகிற அழைப்பு இலவசம் என்றார்கள். அந்நாளில் ஆயிரம் ரூபாய் என்பது விவசாயத் தொழிலாளிக்குப் பல வாரக் கூலி. கடன் வாங்கிக் கட்டியவர்களும் உண்டு.

ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்? நம்முடைய ஆயுள் அல்ல, கம்பெனி வாங்கியிருக்கும் லைசென்சின் ஆயுள் என்று பிறகு தெரிந்தது. 2018ஆம் ஆண்டின் கடைசியில் பெரிய கம்பெனிகள் ஒரு புதுச் சட்டம் போட்டன. 28 நாளைக்கு ஒரு தடவை குறைந்தது 35 ரூபாய் கட்டு, கட்டாவிட்டால் வெளியே போகும் அழைப்பும் நிற்கும், பிறகு வருகிற அழைப்பும் நிற்கும் என்றன. கணக்கில் பணம் மீதி இருந்தவர்களுக்கும் இதே கதி. டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அந்த நவம்பரில் தலையிட்டு, மீதிப் பணம் உள்ளவர்களின் இணைப்பை உடனே துண்டிக்காதே என்று சொல்ல வேண்டி வந்தது. ஆனால் 35 ரூபாய் முறை நின்றுவிட்டதா? இல்லை. அது வளர்ந்தது.

மூன்று வருஷக் கணக்கு

2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி வந்தது. நாட்டின் முதல் பணக்காரரின் கம்பெனி. நாட்டின் பிரதமர் படத்தைப் போட்டுப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் விளம்பரம் செய்தது. படம் போட அனுமதி கொடுக்கவில்லை என்று அந்த டிசம்பரில் சர்க்கார் பார்லிமெண்டில் பதில் சொன்னது. அனுமதியில்லாமல் போட்டவர்களுக்கு என்ன தண்டனை? மன்னிப்புக் கேட்டார்கள், விஷயம் முடிந்தது. மில் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டிய தொழிலாளிக்கு இந்தச் சலுகை உண்டா?

முதலில் டிசம்பர் வரை எல்லாம் இலவசம். பிறகு 'புத்தாண்டுச் சலுகை' என்று பெயரை மாற்றி 2017 மார்ச் 31 வரை இலவசம். அதன் பிறகு 99 ரூபாய் கட்டிச் சந்தாதாரர் ஆகு என்றார்கள். அதே ஆண்டு ஜூலை 21ஆம் தேதி, பங்குதாரர் கூட்டத்தில், ஏழைகளுக்கென்று ஒரு போன் அறிவித்தார்கள். அதன் விலை 'நடைமுறையில் பூஜ்யம்' என்றார்கள். 1,500 ரூபாய் வைப்புத் தொகை மட்டும் கட்ட வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். கூட்டத்தில் கைத்தட்டல். பத்திரிகைகளில் 'இலவசப் போன்' என்று கொட்டை எழுத்து.

ஆகஸ்டில் 500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்தார்கள். போன் கைக்கு வருகிற சமயத்தில், செப்டம்பர் கடைசியில், பொடி எழுத்து வெளிவந்தது. அதைத் தோழர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

வருஷத்துக்குக் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு 4,500 ரூபாய். முதல் வருஷத்துக்குள் போனைத் திருப்பினால் 1,500 ரூபாய் பிடித்தம், அதற்கு மேல் வரி. இரண்டாம் வருஷத்தில் திருப்பினால் 1,000 ரூபாய் பிடித்தம். மூன்றாம் வருஷத்தில் திருப்பினால் 500 ரூபாய் பிடித்தம். அந்தப் போனில் வேறு கம்பெனி சிம் போட முடியாது.

பூஜ்யத்தின் விலையைப் பார்த்தீர்களா? 1,500 ரூபாய் மூன்று வருஷம் வட்டியில்லாமல் கம்பெனியிடம் இருக்கும். 4,500 ரூபாய் போய்ச் சேரும். நடுவில் வேலை போனால், உடம்புக்கு வந்தால், ரீசார்ஜ் தவறினால், வைப்புத் தொகையின் மேல் உள்ள உரிமைக்கும் ஆபத்து.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்தக் கணக்கு எங்கேயோ கேட்டதுபோல் இருக்குமே! ஆம், சுமங்கலித் திட்டம். மூன்று வருஷம் மில்லில் வேலை செய், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் தருகிறோம் என்று சொல்லிக் கிராமத்து இளம் பெண்களைக் கூட்டி வந்தார்கள். முதலாளியின் பரிசு என்று அதற்குப் பெயர். உண்மையில் அது அந்தப் பெண்ணின் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம். இரண்டரை வருஷத்தில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனவளுக்குப் பரிசும் இல்லை, பிடித்ததும் இல்லை. தஞ்சைப் பண்ணையிலும் இதே கதைதான். கல்யாணத்துக்குக் கடன், பண்டிகைக்கு வேட்டி துண்டு என்று கொடுத்த கைதான் பண்ணையாளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டது. போராடித்தான் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம்முடைய பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்கே பரிசு என்று பெயர் வைக்கிற தந்திரம் பழையது. மில்லிலிருந்தும் பண்ணையிலிருந்தும் இப்போது செல்போனுக்கு வந்திருக்கிறது.

விரலை வைத்தோம், மான்யம் போயிற்று

இலவச சிம் தருகிறவன் நம்மிடம் கேட்டது பணமல்ல, விரல் ரேகை. அதில் என்ன நஷ்டம் என்று நினைத்தோம். 2017இல் நடந்ததைக் கேளுங்கள்.

சிம்மை ஆதாருடன் சரிபார்க்க வேண்டும் என்று விரல் வைத்தவர்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு, அவர்களுக்கே தெரியாமல், ஏர்டெல் பேமெண்ட்ஸ் பாங்கில் கணக்குத் திறக்கப்பட்டது. சமையல் எரிவாயு மான்யம், ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கு இணைந்ததோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். ஆகவே ஜனங்களின் வழக்கமான பாங்குக்குப் போக வேண்டிய மான்யம், அவர்கள் பெயரில் திறந்திருப்பதே தெரியாத கணக்கில் போய் விழுந்தது. மான்யம் வரவில்லையே என்று வீட்டுப் பெண்கள் எரிவாயு ஏஜென்சிக்கும் பாங்குக்கும் நடையாய் நடந்தார்கள். இப்படிப் போன தொகை 190 கோடி ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது.

2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்தக் கம்பெனியின் சரிபார்ப்பு உரிமையை நிறுத்தி வைத்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று. 2018 மார்ச்சில் ரிசர்வ் பாங்கு 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆனால் மான்யத்தைத் தேடி ஒரு நாள் கூலியை இழந்து பாங்கு வாசலில் நின்ற பெண்ணுக்கு அந்தக் கூலியை யார் கொடுத்தார்கள்?

28 நாளில் ஒரு மாதம்

உலகத்தில் எந்தப் பஞ்சாங்கத்திலும் எல்லா மாதமும் 28 நாள் கிடையாது. செல்போன் கம்பெனியின் பஞ்சாங்கத்தில் மட்டும் உண்டு. நமக்குக் கூலி மாதக் கணக்கில் வருகிறது. வீட்டு வாடகை மாதக் கணக்கில் போகிறது. ரீசார்ஜ் மட்டும் 28 நாளில் தீருகிறது. வருஷத்துக்கு 12 மாதம், ரீசார்ஜ் 13 தடவை. 299 ரூபாய்த் திட்டம் என்றால் 12 தடவைக்கு 3,588 ரூபாய். 13 தடவைக்கு 3,887 ரூபாய். ஒரு வீட்டில் இரண்டு போன் இருந்தால் வருஷத்துக்கு 598 ரூபாய் இந்தக் காலண்டர் வித்தையிலேயே போகிறது.

புகார்கள் குவிந்த பிறகு, 2022 ஜனவரியில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்தாக வேண்டும் என்றது. வைத்தார்கள். ஆனால் கடைக்காரர் கையில் கொடுக்கும் பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது இன்னமும் 28 நாள்தான். கேட்டால்தான் 30 நாள் கிடைக்கும். உரிமை இருக்கிறது, அது கேட்கிறவனுக்கு மட்டும்தான் என்று வைத்திருக்கிறார்கள்.

புழு யாருக்கு, மீன் யாருக்கு?

இவ்வளவு செலவு செய்து ஏன் இலவசம் கொடுத்தார்கள்? தூண்டில்காரன் மீனுக்குச் சோறு போடுவதற்காகப் புழுவைக் கோப்பதில்லை.

இலவசம் தொடங்கியபோது நாட்டில் பல கம்பெனிகள் இருந்தன. சும்மா கொடுக்கிறவனோடு காசுக்கு விற்கிறவன் எத்தனை நாள் போட்டி போட முடியும்? அனில் அம்பானியின் கம்பெனி 2017 டிசம்பரில் குரல் சேவையை நிறுத்தியது. டாடாவின் செல்போன் வியாபாரமும் டெலினாரும் ஏர்டெல்லிடம் போயின. நம் தமிழ்நாட்டில் வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலாயிற்று. அந்த நாட்களைத் தமிழ்நாட்டு மக்கள் மறக்கவில்லை. சிக்னல் செத்தது, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றக்கூட வழி தெரியாமல் ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இன்று தனியாரில் மிஞ்சியிருப்பது மூன்றே மூன்று.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. இப்படி நஷ்டத்துக்குக் கொடுப்பது சந்தையை அழிக்கும் சூழ்ச்சி என்று போட்டிக் கம்பெனி கொடுத்த புகாரை 2017 ஜூனில் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது. காரணம்? ஜியோ புதிதாக வந்த கம்பெனி, சந்தையில் அதற்கு ஆதிக்கம் இல்லையாம். சும்மா கொடுத்தபோது ஆதிக்கம் இல்லை. ஆதிக்கம் வந்தபோது சும்மா இல்லை! சட்டத்தின் கண்ணில் எந்த நேரத்திலும் குற்றமில்லை.

பிறகு நடந்தது என்ன? எல்லாக் கம்பெனிக்கும் பேச்சு எப்போதும் இலவசம் என்று 2016இல் சொன்னார்களே, 2019 அக்டோபரில் மற்றக் கம்பெனி நம்பருக்குப் பேசினால் நிமிஷத்துக்கு 6 பைசா என்றார்கள். 2021 ஜனவரி 1 வரை வாங்கினார்கள். விலையைப் பாருங்கள். தினம் ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் ஜியோ திட்டம் 2018 தொடக்கத்தில் 149 ரூபாய். 2019 டிசம்பரில் 199. 2021 டிசம்பரில் 239. 2024 ஜூலையில் 299. ஆறரை வருஷத்தில் இரட்டிப்பு! ஒவ்வொரு தடவையும் மூன்று கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றின. ஒருவன் ஏற்றினால் மற்றவனிடம் போகலாம் என்ற போட்டியின் தர்மம் எங்கே போயிற்று?

பொதுத்துறையைப் பட்டினி போட்டார்கள்

மற்றவனிடம் போகலாமே, மக்களின் சொந்தக் கம்பெனியான பி.எஸ்.என்.எல். இருக்கிறதே என்று கேட்கலாம். அதை என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் நெஞ்சு.

தனியார் கம்பெனி 2012இல் 4ஜி தொடங்கியது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைவரிசை தருவதாகச் சர்க்கார் முடிவு எடுத்தது 2019 அக்டோபரில். நாடு தழுவிய 4ஜியைப் பிரதமர் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பரில். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, பார், இவனுக்கு ஓடத் தெரியவில்லை என்றார்கள். 2019இல் அங்கே சம்பளம் தாமதமாயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல மாதம் கூலியில்லாமல் வாடினார்கள். 2020 ஜனவரி 31ஆம் தேதி, ஒரே நாளில், விருப்ப ஓய்வு என்ற பெயரில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். தொழிலாளர் எண்ணிக்கையில் பாதி!

அப்படியும் 2024 ஜூலையில் தனியார் மூவரும் விலையை ஏற்றியபோது மக்கள் என்ன செய்தார்கள்? அந்த ஒரே மாதத்தில் 29 லட்சத்துக்கு மேல் சந்தாதாரர்கள் பி.எஸ்.என்.எல்.லில் கூடினார்கள். மூன்று தனியார் கம்பெனிகளும் சந்தாதாரர்களை இழந்தன. ஜனங்களுக்குப் பொதுத்துறை வேண்டாம் என்று சொன்னவர்கள் எங்கே? வந்தவர்களுக்குப் போதிய சிக்னல் இல்லை. அதனால் பின்னால் பலர் திரும்பிப் போனார்கள். அது மக்கள் குற்றமுமல்ல, கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் குற்றமுமல்ல. வருஷக்கணக்கில் அலைவரிசையையும் முதலையும் மறுத்தவர்களின் குற்றம்.

ஒரு தோழரின் கேள்வி

ஒரு தோழர் கேட்கிறார்: "இலவசம் வந்ததால்தானே நம் பிள்ளைகள் கையிலும் இன்டர்நெட் வந்தது? 2020 ஊரடங்கில் அதை வைத்துத்தானே பாடம் படித்தார்கள்? ஏழைக்குக் கிடைத்ததை ஏன் தூற்ற வேண்டும்?"

நியாயமான கேள்வி. டேட்டாவின் விலை அப்போது சரிந்தது உண்மை. அது உழைப்பாளி வீட்டுக்கும் வந்தது நல்லது. அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது யாருடைய கருணையும் அல்ல. இன்று செல்போன் என்பது ஆடம்பரமா? நாளைக்கு எந்த வயலில் நடவு என்று மேஸ்திரி கூப்பிடுவது அதில்தான். பாங்கில் பணம் எடுக்க, எரிவாயு பதிய, பிள்ளையின் பள்ளிச் செய்தி தெரிய, ரகசிய எண் வருவது அதில்தான். ரீசார்ஜ் தீர்ந்தால் ஒரு நாள் வேலையே தப்பிப் போகிறது. இவ்வளவு அவசியமான ஒன்றின் விலையை மூன்று முதலாளிகள் சேர்ந்து தீர்மானிக்கலாமா? அவர்கள் விரும்பியபோது சும்மா, விரும்பியபோது இரட்டிப்பு என்றால், அது தானமல்ல, பிடி. குடிதண்ணீரைப் போல இதுவும் மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.

செய்ய வேண்டியது

சட்டத்தில் நமக்குச் சில ஆயுதங்கள் இருக்கின்றன. 2022 ஜூனில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய விதி சொல்வதென்ன? வாங்கிச் செல்லும் செலவு தவிர வேறு எதையாவது வாங்குபவர் கொடுக்க வேண்டியிருந்தால், அந்தப் பொருளை இலவசம் என்று விளம்பரம் செய்யக் கூடாது. அதே ஆண்டு பிப்ரவரியில், செல்போன் கம்பெனியின் மேல் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில், டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் வைக்க வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காத பாட்டுக்கும் ஜோசியத்துக்கும் பணம் பிடித்தால் 155223 என்ற எண்ணில் நிறுத்தச் சொல்லலாம். ஏமாற்று விளம்பரத்துக்கு 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் செய்யலாம்.

ஆனால் தனி ஆளாகக் கேட்டால் கம்பெனியின் பதில் ஒரு பதிவு செய்த குரல்தான். அதை அழுத்து, இதை அழுத்து என்று அரை மணி நேரம் சுற்ற விடும். ஆகவே ஒவ்வொரு மில் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும், வாரத்தில் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கட்டும். படித்த இளந்தோழர்கள் உட்கார்ந்து, பொடி எழுத்தைப் படித்துச் சொல்லட்டும். பிடித்தம் எவ்வளவு, எதற்கு என்று எழுதி வைத்துப் பத்துப் பேர், நூறு பேர் புகாரை ஒன்றாக அனுப்பட்டும். விரல் ரேகை கேட்டால், எதற்கு என்று எழுத்தில் கேட்காமல் யாரும் வைக்க வேண்டாம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை: பி.எஸ்.என்.எல்.லுக்கு வேண்டிய முதலும் ஆளும் அலைவரிசையும் கொடு, காலியிடங்களை நிரப்பு. கட்டண உயர்வை முன்கூட்டிப் பரிசீலித்து அனுமதி தரும் முறையைக் கொண்டு வா. 28 நாள் மாதத்தை ஒழி. ரீசார்ஜ் தீர்ந்தாலும் வருகிற அழைப்பையும் பாங்குச் செய்தியையும் நிறுத்தாதே.

அடுத்த தடவை மில் வாசலில் அந்தக் குடை விரியும்போது, தோழர்களே, கோபப்பட வேண்டாம். அருகே போங்கள். அந்த இளைஞனிடம் அன்பாகப் பேசுங்கள், தம்பி, உனக்கு ஒரு சிம்முக்கு எவ்வளவு கமிஷன், உனக்குச் சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அந்தப் பொடி எழுத்துக் காகிதத்தை வாங்கி, டீக்கடை வெளிச்சத்தில், எல்லாரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.

மாட்டின் பல்லைப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஊரில் எந்தத் தரகனும் கிழட்டு மாட்டை விற்க முடியாது.